கீலில் இருந்த ஒரு திருகாணி

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

நான் சுகம். இருமல் போய்விட்டது. காது போனது போனதுதான், அதற்குப் புதிதாக ஒன்றும் வரப்போவதில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வேலை மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறாயா? எழுது.

உன் தொடரைப் பார்த்தேன். தலைப்பு ஓடும்போது உன் பெயர் மின்னலாக வந்து மறைந்தது. பரவாயில்லை, எனக்கு அது போதும். சத்தம் இல்லாமல்தான் பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியும். அந்தக் காதுக்கருவியைப் போட்டுக்கொண்டால் தறிக்கூடமே மறுபடி தலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கதை எனக்குப் புரிந்த மட்டில் இதுதான்: நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குடும்பம். வானத்தில் வால்நட்சத்திரம். அது வந்ததிலிருந்து வீட்டு ரேடியோவில் நாளைக்கு நடக்கப்போவது இன்றைக்கே கேட்கிறது. சரிதானே?

குறை சொல்கிறேன் என்று நினைக்காதே. முப்பது வருஷம் ஆலையில் துணியில் பிழை பார்க்கும் மேசையில் நின்றவளுக்குக் கண் சும்மா இருக்காது. படம் ஓடுவதும் துணி ஓடுவதும் எனக்கு ஒன்றுதான். விட்டுப்போன இழை தானாகக் கண்ணில் விழுகிறது.

ரேடியோவைத் திருகியதும் எல்லோரும் காதைக் கொடுத்துத் தலையாட்டுகிறார்கள். அது வால்வு ரேடியோ. சூடாகித் தொண்டையைத் திறப்பதற்குள் ஒரு ஆள் போய்க் கை கழுவிக்கொண்டு வந்துவிடலாம். அடுத்து அந்த வால்நட்சத்திரம். சூரியன் மறைந்த பக்கமே வாலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் அல்லவா இருக்கும்? நாளைய செய்தியைப் பிடிக்கத் தெரிந்த எழுத்தாளருக்கு இது தெரியவில்லை. கடைசியாக, திரைச்சீலை. கசக்கிக் கட்டியிருந்ததை அந்த வீட்டுக்காரி அவிழ்க்கிறாள், ஒரு சுருக்கமும் இல்லை. பாலியஸ்டர் கலந்த துணி. அன்றைக்கு அந்த மாதிரி வீட்டில் அது கிடையாது.

ஆலையில் சொல்வோமே, சாக்பீஸால் குறி போடும்வரை எல்லாம் நல்ல துணிதான் என்று. குறி போட்டுவிட்டேன். இனி உன் பாடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் போனதில் சந்தோஷம். என் முதுகுவலி என்னோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டது: நான் உட்கார்ந்தால் அது நிற்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெட்கமும் சிரிப்புமாக வந்தது. காலத்துக்குப் பொருந்தாத சாமான் ஒன்றும் படத்தில் வந்துவிடக்கூடாது என்று பார்ப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளமே. இங்கே என் பெயர் பூதக்கண்ணாடி. "பூதக்கண்ணாடி தலையாட்டினாதான் ஷாட்டு" என்பார் டைரக்டர். நீ எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். வால்நட்சத்திரத்துக்கு அவர் முகம் சுருங்கியது. "வாலை இந்தப் பக்கம் வச்சாதான் ஃப்ரேமுக்கு அழகா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். எங்கள் செட்டைக் கட்டிய தச்சர், எல்லோருக்கும் ஆணி அண்ணன், பக்கத்தில் நின்று, "சூரியனை வேணா இடம் மாத்திடலாமா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு யாருக்கும் வேலை ஓடவில்லை.

எடுத்து முடித்தது போனது போனதுதான். இனி எடுக்கப்போவதில் திருத்திக்கொள்ளலாம். பார்க்கப் பார்க்க எழுது. நம்பிக்கையான கண் எனக்கு உன்னுடையது ஒன்றுதான்.

இன்னொன்று. ஆலையில் உன் மேசைக்குக் கேமரா வைத்து உன்னை வீட்டுக்கு அனுப்பி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அங்கே தனியாக இருந்துகொண்டு என்ன செய்கிறாய்? இங்கே வந்துவிடு. படப்பிடிப்பு முடியட்டும், நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன்.

மாடிப்படியில் பார்த்து இறங்கு.
குட்டி


பிப்ரவரி 10

அன்புள்ள குட்டிக்கு,

இங்கு சுகம். கீழ்வீட்டுக்காரி தினமும் எட்டிப்பார்த்துக் கையசைக்கிறாள். நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்கிறாள் போலிருக்கிறது. நானும் கையசைத்துச் சந்தேகத்தைத் தீர்த்துவைக்கிறேன்.

வரச்சொல்லி எழுதியிருந்தாய். வரலாம். இப்போது முடியாது. சனிக்கிழமை தொடர் இருக்கிறது.

ரேடியோ இப்போது சூடாகக் காத்திருக்கிறது. நல்லது. இன்னும் கொஞ்சம் சொல்கிறேன்.

முன்னறைக் கண்ணாடியை அவ்வளவு உயரத்தில் மாட்டமாட்டார்கள். பிள்ளைகளும் பார்க்கும்படி தாழ்வாக, ஜன்னலுக்கு எதிரே மாட்டுவார்கள். அப்போதுதான் வெளிச்சம் உள்ளறைக்குப் போகும். கட்டில் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது, ஒரு பிள்ளை நுழையும் இடைவெளி வேண்டும். மேசையின் ஒரு காலுக்கு அடியில் மடித்த அட்டை வைத்திருப்பார்கள். தண்ணீர்க் குவளைக்குக் கைப்பிடி இருக்காது, உடைந்திருக்கும். திரைச்சீலைக்குக் கோடு போட்ட முரட்டுப் பருத்தி. சிவப்புக் கோடு இல்லை, செங்கல் நிறம், கீழே ஒரு கையகலம் வேறு துணி வைத்து நீட்டியிருக்கும். அந்தக் கால வீடென்றால் இதெல்லாம் இருக்கும்.

உள்ளறைக் கதவின் கீலில் ஒரு திருகாணியின் தலையில் கூட்டல் குறிபோல வெட்டு இருக்கிறது. மற்றதெல்லாம் ஒற்றை வெட்டு. பொறுக்கவே முடியவில்லை. வெள்ளைத் துணியில் எண்ணெய்ச் சொட்டு விழுந்த மாதிரி, படம் முழுக்க அது ஒன்றுதான் தெரிகிறது. முதலில் அதை மாற்று.

வெயிலில் அலையாதே.
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்தைக் கீழ்வீட்டுக்காரி பார்த்துக்கொள்வாள் என்று தைரியமாக இருக்கிறேன்.

நீ சொன்ன அத்தனையும் செய்தாயிற்று. கண்ணாடி இறங்கியது. கட்டில் நகர்ந்தது. குவளையின் கைப்பிடியை உடைக்க ஆணி அண்ணனுக்கு மனசு வரவில்லை, நான்தான் உடைத்தேன். திரைச்சீலைக்குக் கையகலம் வேறு துணி வைத்துத் தைத்தபோது டைரக்டர் வந்து தொட்டுப் பார்த்தார். "இதை எந்தப் புஸ்தகத்துல படிச்சீங்க?" என்றார். எங்கக்கா என்றேன். "உங்கக்காவை வேலைக்குச் சேர்த்துட்டு உங்களை அனுப்பிடலாமா?" என்றார். அதோடு நிற்காமல், அதை மாட்டிய அறைக்குள் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இப்போது எல்லோருமே அங்கே மெதுவாகப் பேசுகிறோம். யாரும் சொல்லி அல்ல.

திருகாணி விஷயம்தான் சண்டையாகிவிட்டது. அது தவறி வந்தது அல்லவாம். ஆணி அண்ணன் வேண்டுமென்றே போட்டது. பழைய காலத்து வீடு எதைக் கட்டினாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இந்தக் காலத்துச் சாமான் ஒன்றை விட்டுவைப்பாராம். குழந்தை கன்னத்தில் மைப்பொட்டு வைக்கிற மாதிரி.

"எல்லாம் சரியா அமைஞ்சிட்டா அது செட்டு இல்லம்மா, வீடு. வீடுன்னு ஆயிட்டா யாராச்சும் குடி வந்துடுவாங்க."

"வந்தா வரட்டுமே அண்ணே, வாடகையாவது தேறும்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நீங்க பூதக்கண்ணாடி. பூதத்தையே பார்த்ததில்ல" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

போய்த் திரும்புவதற்குள் ஒற்றை வெட்டுத் திருகாணி ஒன்றைத் தேடிப்பிடித்து மாற்றிவிட்டேன். பழையது என் பையில் இருக்கிறது. இந்த அறையில் இனி ஒரு பிழையும் கிடையாது, அக்கா. வேண்டுமானால் கண்டுபிடி பார்க்கலாம். மார்ச் கடைசியில் ஒளிபரப்பாகும்.

காதுக்கருவியைச் சும்மாவாவது போட்டுப் பழகு.
குட்டி


மார்ச் 30

அன்புள்ள குட்டிக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

நேற்று பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. குறி போட இடமே இல்லாத துணியை என் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் மேசையை நிறுத்திவிட்டுக் கையால் தடவிப் பார்ப்போம். நேற்று எழுந்து போய் டிவியைத் தொட்டுப் பார்த்தேன்.

உள்ளறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பவள் யார்? கதை முன்னறையில் நடக்கிறது, யாரும் அவளைக் கவனிப்பதில்லை. கதவு கொஞ்சம் திறந்திருக்கும்போது கண்ணாடி வழியாக அவள் முதுகு தெரிகிறது. நன்றாகச் செய்கிறாள். தைத்து முடித்ததும் கத்தரியைத் தேடாமல் தலையைச் சாய்த்து நூலைப் பல்லால் கடித்து விடுகிறாள். யார் சொல்லிக்கொடுத்தது?

அந்தத் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடச் சொல். ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கோ இடிக்கிறது.

முன்னே மாதிரி நிறைய எழுத முடியவில்லை. பார்க்க வேண்டியிருக்கிறது.
அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளறை என்று ஒன்று கிடையாது. கதவுக்குப் பின்னால் ப்ளைவுட் பலகையும் அதை முட்டுக்கொடுத்த மரச்சட்டமும்தான் இருக்கின்றன. கதவே திறக்காது, மூன்று பக்கமும் ஆணி அடித்தது. நீ பார்த்த பகுதியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் ஜன்னல் வெளிச்சம் தெரிகிறது, வேறொன்றும் இல்லை. தையல் மெஷின் இந்தத் தொடரிலேயே வரவில்லை. எண்ணெய் இல்லை என்பதைச் சத்தத்தை வைத்துத்தானே சொல்ல முடியும்? நீ சத்தமில்லாமல்தானே பார்க்கிறாய்?

கண் டாக்டரிடம் போய்வா. கோபப்படாதே. வேறெந்த டாக்டரையும் சொல்லவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். எனக்கு அந்த வீடு ஞாபகமில்லை. விட்டுவந்தபோது எனக்கு இரண்டு வயசு. ஆனால் நேற்று திரைச்சீலையில் நீ சேர்க்கச் சொன்ன துண்டைத் தொட்டபோது ஏன் என்று தெரியாமல் அதை வாயில் வைத்துக்கொள்ளத் தோன்றியது. நாற்பது வயசுக்கு மேல் ஆகிவிட்டது எனக்கு. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அக்கா, நீ எழுதியதெல்லாம் அந்தக் கால வீடுகளா, நம் வீடா?

உடனே பதில் போடு.
குட்டி


ஏப்ரல் 19

அன்புள்ள குட்டிக்கு,

கண் டாக்டர் பார்த்தார். என் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் கழுகுக்குக் கூட இப்படிப் பார்வை இருக்காது என்றார். ஆகவே கவலையை விடு.

நம் வீடுதான். நீ கேட்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பார்த்தேன். அந்தத் துண்டை நீ சப்பிக்கொண்டே தூங்குவாய். ஈரமாகிக் கிழிந்துபோகும், அம்மா மறுபடி வேறு துண்டு வைத்துத் தைப்பாள்.

உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. முதல் நாள் ரேடியோவும் திரைச்சீலையும் உண்மையாகவே பிழைதான். அடுத்த வாரம் கட்டிலைப் பார்த்தபோது, இதைக் கொஞ்சம் நகர்த்தினால் நம் வீடாகிவிடுமே என்று தோன்றியது. அவ்வளவுதான் ஆரம்பம்.

அம்மாவின் ஒரே படம் உன்னிடம் இருக்கிறது. எடுக்கிற நேரம் பார்த்து நீ அழுதாய், அம்மா உன் பக்கம் திரும்பிவிட்டாள். பின்னல்தான் தெரியும். அடுத்த மழைக்காலத்தில் ஜுரம். 'நாளைக்குப் பாக்கலாம், சாதாரணக் காய்ச்சல்தானே' என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். நீ பள்ளிக்கூடத்தில் இருந்து வந்து, "அம்மா எப்படி இருப்பா?" என்று கேட்பாய். என்னால் சொல்ல முடிந்ததே இல்லை. ஒரு முகத்தை எப்படிச் சொல்வது? மூக்கு, கண், நெற்றி என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லச் சொல்ல அது வேறு யாரோ ஆகிக்கொண்டிருந்தது. உனக்கு நான் கொடுக்காமல் விட்டது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

நேற்று அவள் பாதி திரும்பினாள். காது மடலும் கன்னமும். அடுத்த வாரம் நீயும் பார். கண்ணாடியைப் பார், நடிகர்களைப் பார்க்காதே.

எனக்குச் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை இப்போது. எப்போது போட்டாலும் அந்த அறை வருகிறது.

நேரத்துக்குத் தூங்கு.
அக்கா


மே 3

அக்கா,

நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். நலமாக இரு.

பார்த்தேன். கண்ணாடியை மட்டும் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சம்தான் இருந்தது.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு செட்டுக்குள் போனேன். விளக்குகளை அணைத்திருந்தார்கள். அந்தக் கதவில் காதை வைத்தேன். எழுதும்படி ஒன்றுமில்லை. பலகை வெதுவெதுப்பாக இருந்தது, மறுபக்கத்தில் வெயில் விழுகிற கதவைப் போல. கொட்டகைக்குள் வெயில் ஏது?

ஆணி அண்ணன் என்னை அங்கே பார்த்துவிட்டார். கீலைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல அண்ணே."

"வந்தவங்க அவங்க பாட்டுக்கு இருப்பாங்கம்மா. அது ஒண்ணும் தப்பில்ல. இங்கேருந்து யாரும் பார்க்கப் போயிடக்கூடாது. அதுக்குத்தான் பொட்டு."

அக்கா, கேள். எனக்கு அம்மா முகம் வேண்டாம். ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், ஆனால் வேண்டாம். எனக்கு முகம் என்றால் உன் முகம்தான். காய்ச்சலில் கண்ணைத் திறந்தால் தெரிந்த முகம் அது. அந்த டிவியை மூடிவிட்டுப் புறப்பட்டு வா. வேலை முடியட்டும், படப்பிடிப்பு முடியட்டும் என்று நாள் கடத்தியது போதும். இந்த வாரம் பதில் வரவில்லை என்றால் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவேன்.
குட்டி


மே 21

அன்புள்ள அக்கா,

உனக்கு வேறெந்த விலாசத்துக்கு எழுதுவது என்று தெரியாததால் இதற்கே எழுதுகிறேன்.

வந்தேன். கதவைத் தட்டினால் உனக்குக் கேட்காது என்பதால் வழக்கம்போல அழைப்பு விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். கீழ்வீட்டுக்காரி படியேறி வந்தாள்.

"அக்கா உள்ளதாங்க இருக்காங்க. இப்பக்கூடத் தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சே."

"அக்காகிட்ட மெஷின் ஏதுங்க?"

"அப்ப நாங்க ஒரு மாசமா எதைக் கேட்டுட்டு இருக்கோம்?" என்றாள்.

என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். படுக்கை மடித்திருந்தது. செருப்பு ஜோடியாக இருந்தது. டிவியின் மேல் உன் காதுக்கருவி. கூடவே உன் மூக்குக்கண்ணாடியும் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். மூக்குக்கண்ணாடி இல்லை, ஆகவே எங்கேயோ எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த முன்னறை. ஆள் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் ஏதோ விளையாட்டுச் சாமான் கிடந்தது. அதை நாங்கள் வைக்கவில்லை. உள்ளறைக் கதவு முழுக்கத் திறந்திருந்தது. அணைக்கக் கையை நீட்டினேன். நீ அங்கே இருந்தால் இருட்டாகிவிடுமோ என்று நினைத்துக் கையை எடுத்துக்கொண்டேன்.

நேரே செட்டுக்குப் போனேன். தொடர் முடிந்துவிட்டது, அடுத்த பாகம் வந்தாலும் வரும் என்று அறையைப் பிரிக்காமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஆணி அண்ணன் திறந்துவிட்டார். பையில் இருந்த பழைய திருகாணியைத் திரும்பப் போடப் பார்த்தேன். நான் போட்டிருந்த திருகாணி அசையவில்லை. நாற்பது வருஷத் துரு ஏறியிருந்தது. கையில் வேறொன்றும் இல்லை. என் பையின் அடியில் துணிக்கொடி கிளிப் ஒன்று கிடந்தது, மஞ்சள் பிளாஸ்டிக். அதைத் திரைச்சீலையில் மாட்டினேன். அந்த அறையில் அது கத்தியது அக்கா. நீ அங்கே இருந்தால் உன்னால் அதைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அதைப் பார். இது செட்டு. வெளியே வா.

கதவைப் பூட்டவில்லை.
குட்டி


(தேதி இல்லை)

என் அன்புக் குட்டிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நிஜமாகவே எல்லோரும். உன் சுகத்தை எழுது என்று சொல்ல முடியவில்லை, காரணம் நீ கட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறாய்.

கிளிப்பைப் பார்த்ததுமே தெரிந்தது, நீ வந்திருந்தாய் என்று. முதலில் கண்டுபிடித்தது நான் அல்ல, அம்மா. கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்ன இது, இவ்ளோ லேசா இருக்கு?" என்றாள். எனக்குக் கேட்டது. இங்கே எனக்கு எல்லாம் கேட்கிறது.

"என் தங்கச்சியோடது" என்றேன்.

"உங்களுக்குத் தங்கச்சி இருக்கா அக்கா?"

அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுக்கு முப்பது ஆகவில்லை, என் தலை நரைத்துவிட்டது, வேறெப்படிக் கூப்பிடுவாள்? உள்ளறையில் தங்க இடம் கேட்டு வந்தவள் என்று நினைக்கிறாள். அப்பா வாரக்கடைசியில்தான் வருவார் என்பதால் துணைக்கு ஆள் கிடைத்ததே என்று அவளுக்குச் சந்தோஷம். மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொடுத்தேன். இடிப்பது நின்றுவிட்டது.

ஒரே தொந்தரவு, பள்ளிக்கூடம் விட்டு வருகிற அந்தப் பெரிய பெண். என்னை முறைத்துப் பார்க்கிறாள். அந்தக் கண் எதையும் விடாது, எனக்குத் தெரியாதா! அவளிடம் அகப்படாமல் இருப்பதுதான் பெரும்பாடாக இருக்கிறது.

கிளிப்பை இதோடு வைத்திருக்கிறேன். அது இருந்தால் இந்த இடம் பலகையாகிவிடும். நீ பயந்துபோய் மாட்டியது புரிகிறது. என்னைத் தேடி வந்தாயே, அது போதும். ஆனால் நான் இப்போது வர முடியாது. மழைக்காலம் வர இன்னும் கொஞ்சம் நாள் இருக்கிறது. இந்தத் தடவை 'நாளைக்குப் பாக்கலாம்' என்று யாரையும் சொல்ல விடமாட்டேன். நாளைக்கு என்ன என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தானே தெரியும்? உன் ரேடியோக் கதை அவ்வளவு மோசமில்லை.

ஆணி அண்ணனிடம் சொல். பொட்டு இல்லாமல் இல்லை. இந்த வருஷத்துக்குப் பொருந்தாத ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது, நரைத்த தலையோடு. ஆனால் குறி போடும்வரை எல்லாம் நல்ல துணிதான். நீ குறி போட்டுவிடாதே, குட்டி.

விழித்துக்கொண்டாய். திரைச்சீலையைச் சப்புகிறாய். போய் எடுத்துவிட வேண்டும்.
அக்கா


ஜூன் 23

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. தபாலில் அல்ல. செட்டின் கதவடியில் கிடந்ததாக ஆணி அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து நீட்டினார், படிக்கவில்லை. இதையும் அங்கேதான் தள்ளப்போகிறேன்.

அறையை இடித்துவிடலாமா என்று தயாரிப்பில் கேட்டார்கள். என் கையெழுத்து இல்லாமல் இடிக்க முடியாது, பூதக்கண்ணாடி பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிழை ஏதாவது இருக்கிறதா என்று டைரக்டர் கேட்டார்.

"ஒண்ணுமே இல்ல சார்" என்றேன். "இதைப் பிரிச்சா இனிமே இப்படி ஒண்ணு கட்ட முடியாது."

ஆணி அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு அவரே, "ஆமா சார், மரம் நல்ல மரம், இருக்கட்டும்" என்றார். கூட்டல் குறி வெட்டிய திருகாணியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மஞ்சள் கிளிப் என் கொடியில் இருக்கிறது. அதில் இந்த வருஷத்துக்குச் சேராத ஒரு தையல் எண்ணெய் வாசனை.

உன் வீட்டு டிவி ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்று கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன். "மெஷின் இப்ப நல்லா ஓடுது" என்றாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்று காலை முகம் கழுவிவிட்டு நிமிரும்போது, எதற்கென்று இல்லாமல் நினைவு வந்தது: அம்மா சிரித்தால் முன்பல்லில் ஒரு சின்ன முனை உடைந்திருக்கும், நூலைக் கடித்துக் கடித்து. அதை மறைக்கக் கீழுதட்டை மேலே இழுத்துக்கொள்வாள். எனக்கு ஏதோ பிறந்ததிலிருந்தே தெரியும் என்பதுபோலத் தெரிந்தது.

இதை நீ எனக்கு எப்போதாவது எழுதியிருக்கிறாயா? உன் பழைய கடிதங்களையெல்லாம் எடுத்து ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்தேன். நீ எழுதவே இல்லை.

மழைக்காலம் வரட்டும். நீ பார்த்துக்கொள்வாய்.
குட்டி